கீமோ அசதி சுற்றுக்குச் சுற்று கூடும்போது: கடற்கரை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம் பக்கத்துக் கடலில் இருபது வருடம் பாசி எடுத்தவர் என் மதினி. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூழ்கி மூழ்கி எழுந்து, நனைந்த மூட்டையோடு கரையேறுகிறவர். களைப்பு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர், மார்பகப் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ போட்டு வந்த ஐந்தாம் நாள், தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தவர் வாய்வரை கொண்டுபோகாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது களைப்பு இல்லை. களைப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும்" என்றார்.

மருத்துவமும் அதையேதான் சொல்கிறது. செய்த வேலைக்குப் பொருத்தமில்லாமல் வருவதும், தூங்கி எழுந்தாலும் போகாததும்தான் புற்றுநோய் அசதியின் அடையாளம். கீமோ எடுக்கும் பெரும்பாலோருக்கு இது வருகிறது. வாந்திக்கு மாத்திரை உண்டு, வலிக்கு மாத்திரை உண்டு. அசதிக்கு மட்டும் "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதிலை நாங்கள் இரண்டு மாதம் நம்பினோம். நம்பியிருக்கக் கூடாது. எதைச் செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நோட்டும் பேனாவுமாகக் கூடவே இருந்த நாத்தனார். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

முதல் படி: ஏன் கூடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மதினிக்கு முதலில் இடது மார்பில் அறுவை சிகிச்சை. பிறகு 21 நாளுக்கு ஒரு முறையாக நான்கு சுற்று கீமோ: டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும் சைக்ளோபாஸ்பமைடும். அது முடிந்ததும் வாராவாரம் பக்லிடாக்சல், மொத்தம் 12 வாரம். மார்பகப் புற்றுநோயில் பலருக்கும் இந்த வரிசைதான். சிலருக்கு மருந்தும் இடைவெளியும் மாறும்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. ரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும், வாய், குடல் உள்தோலும் அப்படிப்பட்டவையே. அவற்றைச் சரிசெய்ய உடம்பு இரவும் பகலும் உள்ளே வேலை செய்கிறது. 21 நாளில் அந்த வேலை முழுவதும் முடியும் முன்பே அடுத்த டோஸ் வந்துவிடும். கிழிந்த வலையைப் பாதி சரிசெய்த நிலையில் மறுபடி கடலில் இறக்குவது போலத்தான். இரண்டாம் முறை கிழிசல் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. இதோடு படுத்தே கிடப்பதால் தசை கரைகிறது, சாப்பாடு குறைகிறது, தூக்கம் கெடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

ஒரு சுற்றுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. டோஸ் போட்ட அன்றும் மறுநாளும் மதினி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை ஒன்றும் செய்யவில்லை" என்று எல்லோரிடமும் சொன்னார். அது அவருடைய பலம் இல்லை, வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த கடன். அந்த மாத்திரை நின்ற மறுநாளே வட்டியோடு பிடுங்கிக்கொண்டது. மூன்றாம் நாளிலிருந்து ஆளே எழவில்லை. ஆகவே முதல் இரண்டு நாள் தெம்பை நம்பிப் பெரிய வேலை எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாராவாரம் போடும் பக்லிடாக்சலில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. தாங்கக்கூடியது போலத்தான் தெரியும். ஆனால் "மூன்றாம் வாரம் நன்றாக இருப்பேன்" என்று காத்திருக்க அங்கே மூன்றாம் வாரமே கிடையாது.

இரண்டாம் படி: நோட்டுப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு நாள் எல்லாம் வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு வரி. டோஸ் போட்டு எத்தனையாவது நாள், அசதி எத்தனை மதிப்பெண், என்ன சாப்பிட்டார், இரவு தூங்கினாரா, காய்ச்சல் இருந்ததா.

மதிப்பெண் 0 முதல் 10 வரை. மருத்துவமனைகளில் கேட்பதும் இதே கணக்குத்தான். ஆனால் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் நம் பெண்கள் "பரவாயில்லை" என்றுதான் பதில் சொல்வார்கள். எண்ணுக்குப் பதிலாக வேலையை வைத்தோம். குழாயடிக்குப் போய்க் குடம் தூக்கலாம் என்று தோன்றினால் 0. சமைக்க முடிகிறது, நடுவில் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது என்றால் 3. குளித்ததோடு அன்றைய பலம் முடிந்துவிட்டது என்றால் 5. தலை வாரக் கை தூக்க முடியவில்லை என்றால் 7 என்று எழுதப் போனேன். "வாருவதற்கு முடி எங்கே இருக்கிறது?" என்று மதினி சிரித்தார். அதை "சேலை மாற்ற ஆள் வேண்டும்" என்று மாற்றினோம். கழிப்பறைக்கே பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தால் 9.

1 முதல் 3 வரை லேசானது. 4 முதல் 6 வரை நடுத்தரம். அடுத்த முறை போகும்போது கட்டாயம் சொல்ல வேண்டியது. 7 தொட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

முதல் சுற்றில் மதினிக்கு மோசமான நாள் நான்கு. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் ஒன்பது. நான்காவது சுற்றில் 18ஆம் நாள்கூட 6 என்று எழுதியிருந்தேன். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது: முதல் சுற்றில் அதே 18ஆம் நாள் 1.

மூன்றாம் படி: மருத்துவரிடம் இப்படிச் சொல்லுங்கள், இவற்றைக் கேளுங்கள்

"களைப்பாக இருக்கிறது" என்று சொன்னால் "ஓய்வெடுங்கள்" என்பார்கள். "மூன்றாவது டோஸுக்குப் பிறகு ஒன்பது நாள் குளித்தால் திரும்பப் படுத்தார், இந்த முறை 18 நாள் ஆகியும் தேறவில்லை" என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அதே மருத்துவர், அதே அறை, வாக்கியம் மட்டும் வேறு.

ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். முடிவைப் பார்த்து "கவுண்ட் சரியாக இருக்கிறது, போடலாம்" என்கிறார்கள். அதைக் கேட்டு ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அது தவறு. அவர்கள் முக்கியமாகச் சொன்னது வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் பற்றி. ரத்தசோகையைக் காட்டும் ஹீமோகுளோபின் அதே தாளில் இன்னொரு வரி. எங்கள் கோப்பில் இருந்த நான்கு தாள்களையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்: 11.2, 10.1, 9.0, 7.8. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. இவ்வளவுக்கும் அந்தத் தாள்களைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான்தான். ஒரு முறையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். பிறகு ரத்தம் ஏற்றினார்கள். பொதுவாக 7, 8 என்று இறங்கும்போதுதான் ரத்தம் ஏற்றுவதைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு மேலே இருந்தால் காரணம் பார்த்து வேறு வழி சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை.

கேட்க வேண்டியவை இன்னும் சில. தைராய்டு பார்க்கலாமா? அது தானாக எல்லோருக்கும் பார்க்கப்படுவதில்லை. பி12? சர்க்கரை? ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறும், அதுவே ஆளைச் சாய்க்கும். குமட்டலுக்கு இரவில் கொடுக்கும் ஒலான்சபின் மாத்திரை சிலருக்கு மறுநாள் மத்தியானம் வரை தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கிறது. மதினிக்கு அப்படி இருந்தது. சொன்னதும் அளவைப் பாதியாக்கினார்கள். வலி அடங்காமல் இருப்பதும், தூக்கமின்மையும், மனச்சோர்வும் அசதியின் வேடத்தில் வரக்கூடியவை. தேவைப்பட்டால் மருத்துவர் டோஸை ஒரு வாரம் தள்ளலாம், அளவைக் குறைக்கலாம். அந்த முடிவு அவருடையது. "இந்த முறை போகாமல் இருந்துவிடலாம்" என்று வீட்டில் முடிவெடுப்பது வேறு. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நான்காம் படி: இது அசதி இல்லை என்று அறியுங்கள்

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். கீமோ காலத்தில் 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டால் அது அவசரம். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். டோஸ் போட்டு ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடக்கூடும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள். மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். இராமேசுவரம் தீவுக்குள் இருப்பவர்களுக்கு அதைவிடத் தொலைவு. எந்த மருத்துவமனை, எந்த வண்டி, யார் கூட வருவது என்பதை நல்ல நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "இவருக்குக் கீமோ போட்டு இத்தனை நாள் ஆகிறது."

மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு காலும் வீங்குவது ஆகியவற்றை அசதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது, அதனால்தான் தொடங்கும் முன் எக்கோ எடுக்கிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். நெஞ்சுவலி, மயக்கம், குழறல், ரத்தக் கசிவு, ஒரு நாள் முழுக்க தண்ணீர்கூட உள்ளே நிற்காத வாந்தி இவையெல்லாம் உடனே கிளம்ப வேண்டியவை. சிவப்பு மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மட்டும் பயப்பட வேண்டியதில்லை, அது மருந்தின் நிறம்.

ஐந்தாம் படி: பலத்தைக் குடம் கணக்கில் செலவழியுங்கள்

நம் பக்கத்தில் தண்ணீரைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். குழாயில் எப்போது வரும் என்று தெரியாது. வந்த அன்று எத்தனை குடம் பிடித்தோமோ அத்தனைதான். குடிக்க இரண்டு, சமைக்க ஒன்று, மற்றதற்கு உப்புத்தண்ணீர் என்று பிரித்து வைப்போம். யாரும் குடிதண்ணீரில் வாசல் கழுவ மாட்டார்கள்.

காலையில் எழும்போது அன்றைக்கு எத்தனை குடம் பலம் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்தாம் நாள் இரண்டு குடம்தான் என்றால், ஒன்று குளிக்க, ஒன்று சாப்பிட. அவ்வளவுதான், மற்றதெல்லாம் வேறொருவர். பதினைந்தாம் நாள் ஆறு குடம் இருக்கலாம். அன்று ஆறையும் கவிழ்த்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. "இன்றைக்கு நன்றாக இருக்கிறேன்" என்று மதினி ஒரே நாளில் போர்வை எல்லாம் துவைத்தார்; அடுத்த மூன்று நாள் நோட்டில் 8, 8, 7. நல்ல நாளில் ஒரு குடத்தை மிச்சம் வையுங்கள்.

வேலைகளை மூன்றாகப் பிரித்தோம். அவர்தான் செய்ய வேண்டியவை: குளியல், சாப்பாடு, நடை, மாத்திரை. அவர் செய்ய விரும்புபவை: மதினிக்கு அது சின்ன மகளுக்குத் தலை பின்னிவிடுவது. அதை யாரும் பிடுங்கக் கூடாது என்றார். மூன்றாவது, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியவை, அதாவது மீதி எல்லாமே. பக்லிடாக்சல் தொடங்கியது ஏப்ரலில். 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து 61 நாள் அண்ணன் கரையில். விசைப்படகு ஓடாத அந்த நாட்களில் வருமானம் போனது. ஆனால் வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் சோறு வடித்தார். முதல் வாரம் அது சோறா கஞ்சியா என்று சொல்ல முடியவில்லை. கஞ்சியாக இருந்தால்தான் மதினிக்கு இறங்கியது என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சிறு மாற்றங்கள் நிறையப் பலம் மிச்சப்படுத்தும். குளிக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தே காய் நறுக்குவது. தண்ணீர், மாத்திரை, துண்டு, கைபேசி எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. சேலைக்குப் பதில் நைட்டி. தண்ணீர்ச் சொம்புக்குப் பதில், படுத்தபடி உறிஞ்சக் குழாய் வைத்த பாட்டில்.

மீன் அறுப்பதை முழுவதுமாக விட்டுவிடுங்கள். பலம் மிச்சப்படுவதற்காக மட்டும் இல்லை. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது ஒரு கெளுத்தி முள் குத்தினால் கை வீங்கிக் கிருமி பரவக்கூடும். அதுவும் அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் குத்தினால் இன்னும் மோசம். பாசிக்கும் கடலுக்கும் போவது மருத்துவர் சொல்லும்வரை கிடையாது.

ஆறாம் படி: நடக்க முடியாதபோதும் கொஞ்சம் நடங்கள்

இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் கீமோ அசதிக்கு இதுவரை ஆராய்ந்தவற்றில் மிக உறுதியாகப் பலன் தெரிந்தது மாத்திரை இல்லை, உடல் அசைவுதான். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேர நடை என்பது இலக்கு. அது இலக்கு மட்டும்தான், தொடக்கம் வேறு. மோசமான நாளில் கட்டிலிலிருந்து வாசல்வரை, திரும்ப. அதை ஒரு நாளில் மூன்று முறை. மறுநாள் பக்கத்து வீட்டு வேம்புவரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம். மறுநாள் மதிப்பெண் இரண்டு கூடினால் தூரம் அதிகம்.

விடியலில் போங்கள், ஏழு மணிக்கு மேல் இங்கே வெயில் பொறுக்காது. காய்ந்த மணலில் நடக்காதீர்கள், அது ஆரோக்கியமானவர்களையே இழுத்துப் போடும். தார் ரோடு அல்லது அலை நனைத்த கெட்டி மணல். பக்லிடாக்சல் எடுப்பவர்கள் பலருக்குக் கால் விரல்கள் மரத்துப்போகும். காலில் கிளிஞ்சல் கிழித்ததே தெரியாது. மதினி வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தவர். கருவேல முள் ஒன்றைக் குதிகாலில் சுமந்துகொண்டு இரண்டு நாள் திரிந்திருக்கிறார், நான் பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பின்வார் வைத்த செருப்பு, வீட்டுக்குள்ளும். காய்ச்சல், தலைசுற்றல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருக்கும் நாளிலும், ஹீமோகுளோபினோ தட்டணுவோ மிகவும் இறங்கியிருக்கும்போதும் மருத்துவரைக் கேட்காமல் நடக்க வேண்டாம்.

ஏழாம் படி: சாப்பாடும் தண்ணீரும்

மூன்று வேளைச் சாப்பாடு என்பதை மறந்துவிடுங்கள். ஆறு முறை, கைப்பிடி அளவு. உடம்பு பழுதுபார்க்கப் புரதம் வேண்டும்: நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, சுண்டல், மீன். மீன் குழம்பு கொதிக்கும் வாசம் குமட்டினால் அந்த நேரம் மதினியை வெளியே வேம்படியில் உட்கார வைத்துவிடுவோம். ஆறிய பிறகு வாசம் அவ்வளவு தெரியாது. வாய்ப்புண் இருக்கும் வாரத்தில் நம் முண்டு மிளகாய்க்கு விடுமுறை. காரமில்லாமல் பூண்டும் சீரகமும் போட்டுக் காரல் மீன் சாறு வைத்தால், பிள்ளை பெற்றவளுக்கு வைப்பது போல, அது இறங்கியது.

வெள்ளை அணு குறைந்த நாட்களில் பழைய சோறு, இறக்கி நேரமான பதநீர், கடையில் நறுக்கி வைத்த பழம் எதுவும் வேண்டாம். இளநீர் கண்முன்னே வெட்டியது என்றால் சரி, சிறுநீரகக் கோளாறோ பொட்டாசியப் பிரச்சினையோ இல்லாதவர்களுக்கு. கருப்பட்டி நல்லதுதான், ஆனால் அதுவும் சர்க்கரைதான்; "பனை வெல்லம் ஒன்றும் செய்யாது" என்பதை நம்பி சர்க்கரை நோயாளிகள் ஏமாற வேண்டாம்.

தண்ணீர் இரண்டு முதல் இரண்டரை லிட்டர், காய்ச்சி ஆறவைத்தது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையை எரிக்கக்கூடியது என்பதால் அந்த நாட்களில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் உடம்பு காய்கிறது என்று பொருள், அதனாலும் அசதி கூடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மேமாத மத்தியானம் படுத்திருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். கட்டிலை மர நிழலுக்கு மாற்றுங்கள்.

நோன்பு, விரதம், தவக்காலம் மூன்றும் இந்தக் கரையில் உண்டு. கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ யாரிடம் கேட்டாலும் நோயாளிக்கு விலக்கு இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்கத் தயங்கிக்கொண்டு பட்டினி கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடு. ஆள் வாடினால் பக்கத்து கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ்" ஏற்றுவது நம் பழக்கம். அந்தப் பாட்டிலில் இருப்பது சர்க்கரைத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ. நீர் வற்றியவருக்கு உதவும், கீமோ அசதிக்கு ஒன்றும் செய்யாது. வெள்ளை அணு இல்லாத நேரத்தில் ஊசித்துளை வழியே கிருமி போக வழி செய்யும். அறுவை செய்த பக்கத்துக் கையில் குத்திவிட்டால் கை வீங்கவும் கூடும். பப்பாளி இலைச் சாறு, கஷாயம், லேகியம் எதுவானாலும் கீமோ மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இவை ஈரலைப் பாதிக்கக்கூடும், மருந்தோடு மோதவும் கூடும்.

எட்டாம் படி: தூக்கம்

பகலில் ஒரு தூக்கம், அரை மணி நேரத்துக்குள், மூன்று மணிக்கு முன். பகல் முழுக்கத் தூங்கினால் இரவு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலேயே போடலாமா என்று கேளுங்கள். ராத்திரி போட்டால் தூக்கம் வராது. கீமோவால் மாதவிடாய் நின்று இரவில் வியர்த்துக் கொட்டினால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்பதாம் படி: மதுரைக்குப் போய்வரும் அலைச்சல்

எங்கள் பக்கத்தில் கீமோவுக்குப் பலரும் மதுரைதான் போகிறார்கள். இராமேசுவரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். போகவர ஒரு நாள், பஸ்ஸில் குலுங்கி வந்தால் அதுவே இரண்டு குடம். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன்வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் டோஸ் அன்றே கேட்டுவிடுங்கள், நாங்கள் ஐந்தாவது டோஸில்தான் கேட்டோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனையை முந்தின நாளே உள்ளூரில் எடுத்துக்கொண்டு வரலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அங்கே மூன்று மணி நேரப் பெஞ்சு மிச்சம். தலையணை ஒன்றும் பழந்துணியும் எப்போதும் பையில்.

பத்தாம் படி: வருகிறவர்களும் மனசும்

நலம் விசாரிக்க ஆப்பிளோடும் ஹார்லிக்ஸோடும் வருகிறவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒரு மத்தியானம் நான்கு பேர் வந்தார்கள். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய் நால்வருக்கும் தேநீர் போட்டார். வந்தவர்களும் குடித்தார்கள். போனபிறகு நோட்டில் 9. அதற்குப் பிறகு வாசலில் நான்தான் உட்கார்ந்தேன். "மதினி தூங்குகிறார், நாளைக்கு மீன் கழுவித்தர முடியுமா?" என்று கேட்பேன். முடியும் என்றவர்கள் நிஜமாகவே உதவினார்கள். சளியோடு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தியதில் ஒரு சித்தி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

குழுக் கடன் தவணைக்காகச் சங்கத்து அக்காவிடம் முன்கூட்டியே பேசினோம். தவணை தேதி நெருங்கினால் அசதி கூடுவதை நோட்டிலேயே பார்த்தேன்.

"சும்மா கிடக்கிறேன்" என்பதுதான் மதினி அதிகம் சொன்ன வார்த்தை. உழைத்தே பழகிய பெண்ணுக்கு அசதியைவிட அதுதான் வலித்தது. மறதியும் சேர்ந்துகொண்டது, அடுப்பில் பால் வைத்ததை மறப்பார், பெயர் வாயில் வராது. கீமோவில் அதுவும் வரும் என்று சொன்னதும் கொஞ்சம் அமைதியானார். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே இருந்தால், அல்லது "இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் அதை அசதி என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

கடைசி டோஸுக்குப் பிறகு

ஜூன் கடைசியில் பன்னிரண்டாவது டோஸ் முடிந்தது. அன்றே எழுந்து நடமாடுவார் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்காது. அசதி மாதக்கணக்கில்தான் இறங்கும். கதிர்வீச்சு இருந்தால் அது தன் பங்குக்கு ஒரு அசதியைக் கொண்டுவரும்; சிலருக்கு ஒரு வருடமும் ஆகிறது. ஆனால் வாரத்துக்கு வாரம் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ மறுபடி ஏறினாலோ நோட்டோடு மருத்துவரிடம் போங்கள், மறுபடி ரத்தமும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்புவதும் அரை நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுதான். பளுவைத் திடீரென்று தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், அறுவை செய்த பக்கத்துக் கை வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே.

கச்சான் காற்று அடங்கிய அக்டோபரில் ஒரு காலை, குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு மதினி எனக்கு முன்னால் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது திரும்பி வந்துகொண்டிருந்தார், பாதி வழியில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கி, பிறகு மறுபடி எடுத்தார். நோட்டில் அன்றைக்கு அவரே எழுதியது: அரைக் குடம், வலது கை.